பட்டியலா, வாய்பாடா? கொரிய எழுத்தைச் சேமிக்க எந்த முறை

ஒரே உதிரிபாகத்தின் பெயர் எங்கள் பட்டியலில் மூன்று முறை இருந்தது. முதல் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. ஆனால் ஒன்றைத் தட்டித் தேடினால் மற்றது அகப்படவில்லை. மூன்றாவது வெறும் குப்பை: ஒரு சீன எழுத்தும் இரண்டு கொரிய எழுத்துகளும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. நான் வேலை செய்வது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், கொரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில். கொரியாவிலிருந்து வரும் விலைப்பட்டியல், வரைபடக் கோப்பு, ஆட்களின் பெயர் எல்லாம் எங்கள் தரவுத்தளத்தில் ஏற வேண்டும். அதைப் புதிதாக அமைக்கும்போது, கொரிய எழுத்தை எந்த வடிவில் வைப்பது என்ற கேள்வி எழுந்தது. "யுடிஎஃப்-8 என்று போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம்" என்றார் உடன் வேலை செய்பவர்; உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் ஒருங்குறியை (யூனிகோடு) கோப்பில் எழுதும் வழி அது. அவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஹங்குல் எனப்படும் கொரிய எழுத்தின் அமைப்பு தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்ததுதான். முதலில் ஒரு மெய், அதையடுத்து ஓர் உயிர், தேவையானால் கடைசியில் ஓர் ஒற்று. மூன்றையும் ஒரு சதுரக் கட்டத்துக்குள் அடுக்கி ஓர் அசையாக எழுதுவார்கள். 'ஹன்' என்றால் ஹ், அ, ன் மூன்றும் ஒரே கட்டத்துக்குள் உட்கார்ந்துவிடும். மன்னர் சேஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட எழுத்து இது. இன்றைய வழக்கில் முதல்மெய்க்கு 19 வாய்ப்புகள், உயிருக்கு 21, ஒற்றுக்கு 27. ஒற்று இல்லாமலும் அசை முடியலாம் என்பதால் கடைசி எண்ணை 28 என்று கொள்ள வேண்டும். மூன்றையும் பெருக்கினால் 11,172 அசைகள். கொரியக் குறியேற்றத்தில், அதாவது எழுத்துக்குக் கணினி எண் கொடுப்பதில், நடந்த சண்டை எல்லாம் இந்த எண்ணைச் சுற்றித்தான்.

விசைப்பலகையில் அசைகள் கிடையாது, தனியெழுத்துகள்தான். 'ஹன' என்று எழுத ஹ், அ, ன், அ என்று நான்கு விசைகள். மூன்றாவது விசையைத் தட்டியதும் திரையில் 'ஹன்' என்று ஒரே கட்டம் தெரியும். நான்காவதைத் தட்டியதும் அந்த ன் முதல் கட்டத்தை விட்டுத் தாவி அடுத்த கட்டத்தின் தலைமெய்யாகிவிடும். இந்தத் தாவலுக்குக் கொரியர்கள் வைத்திருக்கும் பெயர் 'தொக்கேபி புல்'. இருட்டில் ஈரநிலத்தில் அங்குமிங்கும் தாவும் வெளிச்சத்துக்கு அவர்கள் வழங்கும் பெயர் அது, நம் ஊர்க் கொள்ளிவாய்ப் பிசாசு. ஆக, கை தட்டுவது எழுத்து, கண் பார்ப்பது அசை. கோப்பில் எதை எழுதிவைப்பது என்பதற்கு நான்கு விடைகள் வந்துபோயிருக்கின்றன.

பழையதிலிருந்து தொடங்குகிறேன். ஜோஹாப் என்றால் 'கூட்டிச் சேர்ப்பது'. ஓர் அசைக்கு இரண்டு பைட், அதாவது 16 பிட். முதல் பிட் எப்போதும் 1. மிச்சம் 15ஐ ஐந்தைந்தாகப் பிரித்து முதல்மெய்க்கு ஒன்று, உயிருக்கு ஒன்று, ஒற்றுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டார்கள். ஐந்து பிட்டில் 32 இடம் உண்டு. 19, 21, 28 மூன்றும் தாராளமாக அடங்கும். 11,172 அசைகளில் ஒன்றுகூட விடுபடவில்லை, எந்த அசையையும் பிட்டைப் பிரித்தே எழுத்தெழுத்தாக எடுத்துவிடலாம். 1989இல் வெளிவந்து கொரிய அலுவலகங்களை ஆண்ட 'அரேஆ ஹங்குல்' சொற்செயலி இந்த வழியில் போனதால்தான் அதில் எந்த அசையையும் எழுத முடிந்தது. ஒரே ஒரு கோளாறு. 'ஹன்' இதில் 208, 101 என்ற இரண்டு பைட். அந்த 101 ஆங்கிலத்தின் சிறிய 'இ' எழுத்துக்கும் உரிய எண். கொரியம் தெரியாத ஒரு மென்பொருள் இந்தக் கோப்பில் கைவைத்தால், அசையின் பின்பாதியை ஆங்கில எழுத்தென்று நினைத்து வெட்டும், மாற்றும், தேடிக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லும். அன்றைய அனைத்துலக விதிகளோடும் ஜோஹாப் ஒத்துப்போகவில்லை. எழுத்தின் இயல்பை நன்றாகப் புரிந்துகொண்டு செய்த முறை என்று எனக்கு இதன்மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. ஆனாலும் இன்று புதிதாக எதையும் இதில் எழுதக்கூடாது. பழைய வட்டு எதையாவது திறக்க வேண்டியிருந்தால், விண்டோஸின் கோட் பேஜ் (எழுத்தெண் அட்டவணை) 1361 என்று கேட்டால் படித்துத் தரும்.

இதற்குப் போட்டியாக வந்ததுதான் அரசுத் தரமாயிற்று. 1987இல் வெளியான கேஎஸ் சி 5601, பின்னாளில் பெயர் மாறி கேஎஸ் எக்ஸ் 1001. இந்த முறைக்கு 'வான்சோங்' என்று பெயர், 'முழுமையாகச் செய்து வைத்தது' என்று பொருள். அனைத்துலக விதி கொடுத்த கட்டம் 94க்கு 94, மொத்தம் 8,836 இடங்கள். 11,172 அசைகள் அதில் எப்படியும் அடங்காது. போதாததற்குச் சீன எழுத்துகள் 4,888ஐயும் உள்ளே ஏற்றினார்கள். ஹங்குலுக்குக் கிடைத்தது 2,350. அடிக்கடி வரும் அசைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, 'மற்றதெல்லாம் யாருக்கு வேண்டும்' என்று விட்டுவிட்டார்கள். ஙௌ, ஞௌ எல்லாம் யார் எழுதப் போகிறார்கள் என்று நம் 247இலிருந்து தூக்கினால் எப்படி இருக்கும், அப்படி.

பட்டியல் போட்டால் ஒரு நாள் விடுபட்டவன் வந்து வாசலில் நிற்பான். தாய்லாந்தின் தோம் யாம் சூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கொரியத்தில் அதன் பெயர் 'த்தோம்' என்ற அசையில் தொடங்குகிறது. அந்த அசை 2,350இல் இல்லை. தரத்திலேயே ஒரு மாற்றுவழி எழுதிவைத்திருந்தார்கள்: ஒரு நிரப்பி, ஒரு முதல்மெய், ஓர் உயிர், ஓர் ஒற்று என்று நான்கு குறிகளை வரிசையாக வைத்தால் ஓர் அசையாகக் கொள்ளலாம். ஓர் அசைக்கு 8 பைட். பெரும்பாலான மென்பொருள்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. விண்டோஸ் 95 வந்தபோது மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் ஓட்டையை அடைத்தது. விடுபட்ட 8,822 அசைகளையும் கட்டத்துக்கு வெளியே காலியாகக் கிடந்த எண்களில் சொருகிவிட்டது. அதுதான் கோட் பேஜ் 949. 2,350உம் 8,822உம் சேர்ந்து 11,172, கணக்கு நேராகிவிட்டது. வரிசை மட்டும் நேராகவில்லை. கொரிய அகரவரிசையின் முதல் அசை 'க' இதில் 176, 161. நடுவில் வர வேண்டிய 'த்தோம்' 140, 99. பைட் எண்ணை வைத்து அடுக்கினால் சூப் பட்டியலின் தலைக்குப் போய்விடும்.

பேர்தான் இதில் பெரிய பொறி. 1987 தரத்தை மட்டும் பின்பற்றும் கோப்பு வடிவத்துக்கு ஈயூசி-கேஆர் என்று பெயர். அதில் கொரிய அசையின் இரண்டு பைட்டும் 161க்குக் குறையாது. நடைமுறையில் கொரியாவிலிருந்து 'ஈயூசி-கேஆர்' என்ற முத்திரையோடு வரும் கோப்புகளில் பல உண்மையில் கோட் பேஜ் 949. உலாவிகள் இதை ஏற்றுக்கொண்டுவிட்டன: வலைத்தள எழுத்துத் தரத்தின்படி ஈயூசி-கேஆர் என்று எழுதியிருந்தாலும் 949 என்றே படிக்கின்றன. ஆனால் நிரல் எழுதும்போது நிரல் நூலகத்திடம் ஈயூசி-கேஆர் என்று கேட்டால் அது சொன்னபடி செய்துவிடும், 'த்தோம்' வந்ததும் கையை விரிக்கும். பல்லாயிரம் வரிகளுக்கு நடுவே ஒரு வரி அப்படி இருந்து இரவில் ஓடும் வேலை நின்றுபோன பிறகுதான் எனக்கு இது புரிந்தது. முத்திரையில் என்ன எழுதியிருந்தாலும் 949 என்றே திறக்கிறேன். 949 பழையதையும் முழுமையாக உள்ளடக்கியது என்பதால் நட்டமில்லை.

949ஐ இன்றும் விட்டுவிட முடியாததற்குக் காரணம் எக்செல். பைட் வரிசைக் குறி (இது ஒருங்குறிக் கோப்பு என்று தொடக்கத்தில் சொல்லும் அடையாளம்) இல்லாத யுடிஎஃப்-8 சிஎஸ்வி கோப்பைக் கொரிய விண்டோஸில் இரட்டைச் சொடுக்கு செய்தால் அது 949 என்று நினைத்துத் திறக்கும், கொரியம் முழுவதும் சிதறிப்போகும். அங்கே இருப்பவர் நம்மைத் திட்டுவார். ஆகவே அவர்களுக்கு அனுப்பும் சிஎஸ்வியில் தொடக்கக் குறியைச் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் 949ஆகவே அனுப்புங்கள். பழைய கணக்கு மென்பொருள்களில் பெயருக்கு 20 பைட் என்று அளந்து வைத்திருப்பார்கள். 949இல் அது 10 அசை, அசைக்கு 3 பைட் கேட்கும் யுடிஎஃப்-8இல் 6. முழுப் பெயர் கொள்ளாமல் வாலறுந்து போவது இப்படித்தான்.

இனி ஒருங்குறி. இன்று அது பாறை போல நிற்கிறது, ஆனால் தொடக்கம் அப்படி இல்லை. 1991இன் முதல் பதிப்பு அந்த 2,350 அசைகளை அப்படியே எடுத்துக்கொண்டது. 1993இன் 1.1 பதிப்பில் இன்னும் இரண்டு தொகுதிகளைச் சேர்த்து 6,656 ஆக்கினார்கள். மறுபடியும் பட்டியல், மறுபடியும் குறை. 1996இல் 2.0 பதிப்பு வந்தபோது கொடுத்த இடத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, 11,172 அசைகளையும் 44032 முதல் 55203 வரை புதிய இடத்தில் அகரவரிசையில் வைத்தார்கள். பழைய இடத்தைப் பின்னர் சீன எழுத்துகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதுவரை பழைய எண்ணில் எழுதப்பட்ட கொரியக் கோப்புகள் அநாதையாயின. இணைய நெறிமுறை ஆவணத்திலேயே இதைக் 'கொரியக் குளறுபடி' என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். ஓர் எழுத்துக்கு ஒருமுறை எண் கொடுத்தால் இனி ஒருபோதும் இடம் மாற்றுவதில்லை என்று ஒருங்குறிக் குழு உறுதி எடுத்துக்கொண்டது இதற்குப் பிறகுதான்.

புதிய இடத்தின் அழகு, அது பட்டியல் போலத் தெரிந்தாலும் உள்ளே வாய்பாடு. முதல்மெய்யின் எண்ணை 21ஆல் பெருக்கி உயிரின் எண்ணைக் கூட்டு, அதை 28ஆல் பெருக்கி ஒற்றின் எண்ணைக் கூட்டு, 44032ஐச் சேர். 'ஹன்' அசையில் ஹ் 18ஆவது, அ 0ஆவது, ன் ஒற்று 4ஆவது, எண்ணிக்கை சுழியத்திலிருந்து. 18ஐ 21ஆல் பெருக்க 378, அதை 28ஆல் பெருக்க 10584, நான்கைக் கூட்ட 10588, எல்லாம் சேர்த்து 54620. ஒருங்குறியில் 'ஹன்' அசையின் எண் அதேதான். திரும்பியும் வரலாம்: 10588ஐ 588ஆல் வகுத்தால் ஈவு 18, மீதி 4.

இந்த வகுத்தல் வெறும் விளையாட்டு அல்ல. கொரியக் கைப்பேசிகளில் பெயரின் முதல்மெய்களை மட்டும் தட்டி ஆளைத் தேடுவார்கள். 588ஆல் வகுத்த ஈவை ஒப்பிட்டால் அந்த வசதியை நாமே செய்துவிடலாம். இன்னொன்று எங்களுக்கு உடனே கைகொடுத்தது. கொரியத்தில் எழுவாய்ப் பெயருக்குப் பின் வரும் இடைச்சொல், பெயர் ஒற்றில் முடிந்தால் 'உன்', உயிரில் முடிந்தால் 'நுன்'. அந்த உகரம் ஏறக்குறைய நம் குற்றியலுகர ஒலிதான். தானாக அனுப்பும் மின்னஞ்சலில் தவறான இடைச்சொல் போனால் கொரியர் காதுக்கு நாராசம். கடைசி அசையின் எண்ணிலிருந்து 44032ஐக் கழித்து 28ஆல் வகுத்து, மீதி சுழியமா என்று பார்த்தால் போதும், சந்தி சரியாகிவிடும். அகராதி வரிசைக்கும் தனி ஏற்பாடு வேண்டாம், எண் வரிசையே தென்கொரிய அகராதி வரிசை. வடகொரிய வரிசை வேறு. அவர்களுடைய கேபிஎஸ் 9566 தரத்தின் 1997 பதிப்பில் 2,679 அசைகள் உண்டு, அது போகக் கிம் இல்-சுங், கிம் ஜாங்-இல் பெயர்களின் எழுத்துகளுக்குத் தனி எண்களும் உண்டு. ஊரில் உள்ள மற்றக் கிம்களுக்கு ஓர் எண், தலைவரின் கிம்முக்கு வேறோர் எண்.

நான்காவது வழியும் ஒருங்குறிக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் பட்டியலில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு பெயர்களுக்குக் காரணமும் அதுதான். அசையாகச் சேர்க்காமல் ஜாமோ எனப்படும் தனியெழுத்துகளாகவும் எழுதலாம். 'ஹன்' அப்போது 4370, 4449, 4523 என்று மூன்று எண்கள். திரையில் அவை சேர்ந்து ஒரே கட்டமாகத் தெரியும். தமிழில் 'கொ' என்பதைக் க-வும் ஒகரக் குறியுமாக எழுதலாம், க-வோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். பார்ப்பதற்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. அதே சிக்கல் இங்கே ஒவ்வோர் அசையிலும். சேர்த்து எழுதும் வடிவத்துக்கு என்எஃப்சி, பிரித்து எழுதும் வடிவத்துக்கு என்எஃப்டி என்று பெயர்.

பிரித்த வடிவம் நம் கைக்கு வருவது பெரும்பாலும் மேக் கணினி வழியாக. அதன் பழைய கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்தே எழுதிவைத்தது. இன்றும் மேக்கிலிருந்து வரும் கோப்புகளில் அதைப் பார்க்கிறேன். விண்டோஸில் திறந்தால் கட்டங்கள் உடைந்து ஹ், அ, ன் என்று பெயர் நீளவாக்கில் கிடக்கும். இடமும் கூடுதல். யுடிஎஃப்-8இல் சேர்த்த 'ஹன்' 3 பைட், பிரித்த 'ஹன்' 9. மேலே சொன்ன 20 பைட் பெட்டியில் இப்படி இரண்டு அசைதான் கொள்ளும்.

அப்படியானால் பிரித்த வடிவம் எதற்கு? பழைய கொரியத்துக்கு. சேஜோங் தந்த எழுத்துகள் 28, இன்று புழங்குபவை 24. வழக்கொழிந்தவற்றைக் கொண்ட அசைகள் அந்த 11,172இல் கிடையாது. 15ஆம் நூற்றாண்டு நூலைத் தட்டச்சு செய்பவருக்கு ஜாமோவைத் தவிர வேறு நேரான வழியில்லை. 2009இல் வந்த ஒருங்குறி 5.2 இதற்கென்றே கூடுதல் ஜாமோக்களைச் சேர்த்தது. அதற்கு முன்பு தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய எண்களில் ஒரு நிறுவனத்தின் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். அந்தக் கோப்புகள் இன்று மாற்றித் தந்தால்தான் படிக்கக் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், மேலே சொன்ன 'அரேஆ ஹங்குல்' சொற்செயலியின் பெயரில் 'ஹங்குல்' என்பதன் முதல் அசையிலேயே வழக்கொழிந்த 'அரேஆ', அதாவது 'கீழ் அ' என்ற உயிர், இருக்கிறது. தன் பெயரைத் தானே இன்றைய அசைப் பட்டியலில் எழுத முடியாத மென்பொருள்.

சேமிக்கும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சிக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, 1987 தரம் பல ஒலிப்புகள் உள்ள சீன எழுத்துகளை ஒலிப்புக்கு ஒன்றாகத் தனித்தனியே வைத்தது. 'இசை' என்ற பொருள் தரும் ஓர் எழுத்து மட்டும் நான்கு இடங்களில் இருந்தது. அப்படி இரட்டித்த 268ஐயும் ஒருங்குறி வாங்கிவைத்திருக்கிறது, ஆனால் என்எஃப்சி அவற்றைப் பொது எழுத்தாக்கிவிடும். எந்த ஒலிப்பு என்ற தகவல் போய்விடும். விலைப்பட்டியலுக்கு இது பொருட்டில்லை, அகராதி செய்பவருக்குப் பொருட்டு. இரண்டாவது, என்எஃப்சியோடு நிற்க வேண்டும்; இன்னும் ஒரு படி மேலே போய் என்எஃப்கேசி என்ற கடுமையான வடிவத்தைத் தொடக்கூடாது. கொரியர்கள் சிரிப்புக்கு 'க்' ஒலியுள்ள எழுத்தையும், அழுகைக்குக் கண்ணீர் வடியும் கண்போல இருக்கும் 'யூ' என்ற உயிரையும் தனித்தனியாக வரிசையாகத் தட்டுவார்கள். க், க், யூ, யூ என்று சிரித்தழும் ஒருவரை என்எஃப்கேசியில் போட்டால், நடுவில் இருக்கும் க்-உம் யூ-வும் ஒட்டிக்கொண்டு 'க்யூ' என்று ஓர் அசையாகிவிடும். சிரிப்பும் போயிற்று, அழுகையும் போயிற்று.

தமிழ்க் கணிமை வட்டங்களில் கொரியனைச் சுட்டிக்காட்டி ஒரு வாதம் அவ்வப்போது எழும்: அவர்களுக்கு 11,172 இடம், நமக்கு வெறும் 128தானா? உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் எண் தரும் டேஸ்16 முறையைத் தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றபோதும் இந்த ஒப்பீடு பேசப்பட்டது. ஆதங்கம் புரிகிறது. ஆனால் கொரியருக்குக் கிடைத்தது முழு அசைகள் மட்டுமில்லை, ஜாமோக்களும் கூடவே வந்தன. இரண்டும் இருப்பதால்தான் ஒரே பெயர் இரண்டாகத் தெரியும் தலைவலியும் வந்தது. அந்த இடத்துக்கு 1996இல் கொடுத்த விலையையும் வாதம் செய்பவர்கள் சொல்வதில்லை.

கடைசியில் எங்கள் அலுவலகத்தில் இப்படி முடிவு செய்தோம். தரவுத்தளம் முழுவதும் யுடிஎஃப்-8, உள்ளே நுழையும் ஒவ்வோர் எழுத்துச் சரமும் என்எஃப்சி. நாங்கள் வைத்திருப்பது மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள்; அதில் 'யுடிஎஃப்8' என்ற பழைய பெயர் ஓர் எழுத்துக்கு 3 பைட்தான் தரும். ஹங்குலுக்கு அது போதும், இமோஜிக்குப் போதாது, ஆகவே 'எம்பி4' என்று முடிவதைத் தேர்ந்தெடுத்தோம். பெட்டிகளின் நீளத்தை பைட்டில் அளக்காமல் எழுத்தில் அளந்தோம். 949ஐ வாசலிலேயே நிறுத்திவைத்தோம்: வரும்போது அதிலிருந்து மாற்றுவது, கேட்டால் மட்டும் அதில் கொடுப்பது. நீங்கள் பழைய இலக்கியமோ ஜேஜு தீவின் பேச்சுவழக்கோ பதிவு செய்பவராக இருந்தால் என் முடிவைப் பின்பற்ற வேண்டாம், ஜாமோவோடு, அதை ஒழுங்காகக் காட்டும் எழுத்துருவையும் தேடிக்கொள்ளுங்கள்.

ஒன்றுபோல இருந்த இரண்டு பெயர்களும் என்எஃப்சிக்கு மாற்றியதும் ஒன்றாயின. மூன்றாவதுதான் கண்ணாமூச்சி காட்டியது. அந்தக் குப்பையைக் கொரியர்கள் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள், 'ஜொம்-ஸோக்-யெப்' என்று வாசிப்பார்கள். யாரோ 949 கோப்பை யுடிஎஃப்-8 என்று திறந்திருக்கிறார்கள். புரியாத பைட்டுக்கெல்லாம் மென்பொருள் 'தெரியவில்லை' என்ற குறியைப் போட்டிருக்கிறது, அதன் பைட்கள் 239, 191, 189. அதைச் சேமித்து மறுபடி 949 என்று திறந்தால், அடுத்தடுத்த இரண்டு குறிகளின் ஆறு பைட்களும் இரண்டிரண்டாகப் பிரிந்து 239-191, 189-239, 191-189 என்று மூன்று எழுத்துகளாகின்றன. பெயர் இருந்த இடத்தில் இப்போது இருப்பது 'தெரியவில்லை, தெரியவில்லை' என்பதன் தவறான வாசிப்பு. மூல எழுத்து அதில் எங்கும் ஒளிந்திருக்கவில்லை, எந்த நிரலாலும் அதை மீட்க முடியாது. அப்படி 14 வரிகள் இருந்தன. சியோலுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பெயர்களைப் படமாக வாங்கி, விசைப்பலகையில் ஹ், அ, ன் என்று ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றினேன்.